மீன் எண்ணிக்கையை அளவோடு வைத்தால் எடை கூடும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வயலோரம் சொந்தக் குட்டை வைத்திருக்கும் உழவர்களுக்கு மீன் வளர்ப்பு நல்லதோர் உபதொழில். ஆனால் ஓராண்டு காத்திருந்து வலை வீசும்போது, விரல் நீள மீன்களே அகப்படுவதும் உண்டு. தண்ணீர் கெட்டதாலோ, குஞ்சு தரமற்றதாலோ இப்படி ஆனது என்று எண்ணுவர். பெரும்பாலும் காரணம் வேறு. குட்டை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மீன் பெருகிவிட்டது என்பதே அது.

கேழ்வரகில் பயிர் கலைக்காமல் விட்டால் கதிர் சிறுத்துப் போகும். மீனுக்கும் அதே கணக்குதான். குட்டையில் விளையும் இரை ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை இருநூறு மீன் தின்றால் ஒவ்வொன்றும் பருக்கும். இரண்டாயிரம் மீன் தின்றால் எதுவும் பருக்காது.

எந்த மீன் பெருகும்?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகள் தேங்கிய குட்டை நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957இல் ஒரிசாவில் டாக்டர் ஹீராலால் சவுத்ரி, ஊசி மூலம் இக்கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டினார். அதன் பிறகே பண்ணைகளில் தரமான குஞ்சு தாராளமாகக் கிடைக்கலாயிற்று. ஆகவே கெண்டையின் எண்ணிக்கை உழவர் கையில்தான் உள்ளது. விட்டதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது.

ஜிலேபி மீன் அப்படியல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், இரண்டு மூன்று மாதத்திலேயே பருவமடைந்துவிடும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் சேதம் குறைவு. ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும். சில ஜோடிகள் புகுந்தாலே போதும். குட்டை முழுவதும் பொடி மீனாகி, கெண்டைக்கு இடும் தீனியையும் தின்றுவிடும்.

குட்டையைச் சுத்தம் செய்தல்

கோடையில் குட்டை வற்றினால், மண் வெடிப்பு விடும்வரை காயவிட வேண்டும். மூலையில் ஒரு சிறு பள்ளத்தில் நீர் நின்றாலும் ஜிலேபி பிழைத்துக்கொள்ளும். விரால் சேற்றுக்குள் புதைந்தும் உயிரோடு இருக்கும்.

வற்றாத குட்டையில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு எக்டருக்கு 2500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தெளிக்க வேண்டும். பத்து சென்ட் குட்டைக்கு இது 100 கிலோ. இதனால் சாகும் மீனை உண்ணலாம். மூன்று வாரத்தில் நஞ்சு நீங்கி, பிண்ணாக்கு எருவாகும். அதுவரை அந்நீரை மாடுகளுக்குக் காட்டலாகாது. பிறகு நாலைந்து குஞ்சுகளை விட்டுப் பார்த்து, அவை பிழைத்தால் மட்டுமே மற்றவற்றை விடவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி வாய்க்கால் நீரோடு களை மீன்களும் குட்டைக்குள் வரும். நீர் நுழையும் இடத்திலும் வழியும் இடத்திலும் நெருக்கமான கண்ணுள்ள வலையைக் கட்டாவிட்டால், செய்த வேலையெல்லாம் வீண்.

எத்தனை குஞ்சு?

எக்டருக்கு 5000 குஞ்சு போதுமானது. பத்து சென்ட் குட்டைக்கு 200 என்று வைத்துக்கொள்ளலாம். மேல்நீரில் மேயும் கட்லா 80, நடுநீரில் மேயும் ரோகு 60, அடியில் மேயும் மிர்கால் 60 என்று விடலாம். குஞ்சு நான்கு அங்குல நீளமாவது இருக்கவேண்டும். ஆறேழு மாதமே நீர் நிற்கும் குட்டையானால், இதைவிடப் பெரிய குஞ்சாக வாங்கி விடுவது நல்லது.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து தீனியாக இடலாம். மாதம் ஒருமுறை வீச்சு வலையில் இருபது மீன் பிடித்து, எடை போட்டுச் சராசரி காணவேண்டும். 180 மீன் இருப்பதாகவும், சராசரி 250 கிராம் என்றும் கொண்டால் மொத்தம் 45 கிலோ. அதில் இரண்டு சதவிகிதம், அதாவது 900 கிராம் தீனி ஒரு நாளுக்குப் போதும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுவிட்டால் நீரில் பிராணவாயு குறைவு என்று பொருள். தீனியையும் சாணத்தையும் உடனே நிறுத்தி, புதுநீர் பாய்ச்சவேண்டும்.

விரால் துணை செய்யுமா?

அமெரிக்காவில் ஆபர்ன் என்னுமிடத்தில் பண்ணைக் குட்டைகளை ஆராய்ந்த ஸ்விங்கிள் என்னும் வல்லுநர், பொடி மீனைத் தின்னும் மீன் போதிய அளவு இல்லாத குட்டையில் பொடி மீனே மிஞ்சும் என்று காட்டினார். நம் குட்டையில் அந்த வேலையை விரால் செய்யும். ஆனால் கெண்டைகள் கால் கிலோவைத் தாண்டிய பிறகே, அவற்றைவிட மிகச் சிறிய விரால் ஐந்தாறு மட்டும் விடவேண்டும். முந்தினால் கெண்டைக் குஞ்சே இரையாகிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடவே கூடாது. அதை வளர்ப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.

அறுவடை

எட்டாம் மாதம் முதல், முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட மீன்களை மட்டும் பிடித்து விற்கலாம். அவை விட்டுச்சென்ற இடத்தில் மற்றவை வேகமாகப் பருக்கும். வலையில் அகப்படும் ஜிலேபியைச் சிறிதென்று திரும்ப நீரில் விடாமல், ஒன்று விடாமல் கரையேற்ற வேண்டும்.

விட்ட குஞ்சு, பிடித்த மீன், எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருவது அவசியம். மேலும் விவரங்களுக்குக் குரும்பாபேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.