நாலு கார்ப்பும் ஒரே மூச்சில்

2023 ஆகஸ்ட் 29-ல் யூலெஸ் எங்கட பார்க்கிங் வரைக்கும் வந்தது. விதிக்குப் பொருந்தாத பைக் ஓடினால் நாளுக்கு 12.50 பவுண்ட். ஆனால் 40 வயசு தாண்டி, 'ஹிஸ்டோரிக்' என்று பதிஞ்ச பைக்குக்கு அந்தக் காசு இல்லை. பெரிய மாற்றம் செய்யாட்டில் எம்ஓடி-யும் கட்டாயமில்லை. அப்ப எஞ்சினை யார் கவனிக்கிறது? நீங்கள்தான்.

1969-ல் வந்த ஹொண்டா சிபி750 மாதிரி நாலு சிலிண்டர் பைக்கில் நாலு கார்புரேட்டர். ஐடிலில் ஒவ்வொன்றும் மயிரளவுதான் திறந்திருக்கும். ஒன்று கொஞ்சம் கூடத் திறந்தாலே எஞ்சின் நடுங்கும்.

அதுக்காக உடனே ஸ்க்ரூவைத் திருகாதேங்கோ. ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்தில் நாலு எக்ஸோஸ்ட் பைப்பிலும் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கோ. ஒன்றில் மட்டும் சீறாமல் வழிஞ்சால், அந்தச் சிலிண்டர் எரியேல்லை. பிளக்கைப் பாருங்கோ, பைலட் ஜெட் அடைச்சிருக்கா பாருங்கோ. இன்டேக் ரப்பர் வெடிச்சிருந்தாலோ வால்வ் இடைவெளி பிழைச்சிருந்தாலோ, கேஜ் காட்டுறதை நம்ப ஏலாது.

இதெல்லாம் சரியென்றால் எஞ்சினைச் சூடாக்கி, நாலு வேக்யூம் கேஜையும் பூட்டுங்கோ. இந்த நம்பர்தான் வரவேணும் என்றில்லை. நாலும் ஒரே அளவு காட்டினால் போதும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் த்ரொட்டிலை ஒருக்கா முறுக்கி விட்டுப் பாருங்கோ.

கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. எஞ்சினுக்கு முன்னால ஒரு ஃபானும் வையுங்கோ. சிங்க் பண்ணுறது கடைசி வேலை, முதல் வேலை இல்லை.