மூளைக்கு மூன்று போர்வை

மார்கழிக் குளிரில் ஓசூரில் நீங்கள் எத்தனை போர்வை போர்த்திக்கொள்வீர்கள்? ஒன்று? மிஞ்சிப்போனால் இரண்டு? உங்கள் மூளையோ கோடையிலும் மூன்று போர்த்திக்கொண்டுதான் இருக்கிறது! மண்டை ஓட்டை ஒட்டித் தடிப்பான ஒரு சவ்வு, மூளையை ஒட்டி மெல்லிய ஒரு சவ்வு, இரண்டுக்கும் நடுவே சிலந்தி வலை போல ஒரு சவ்வு. இந்தச் சிலந்திச் சவ்வுக்குக் கீழே தெளிந்த நீர் போன்ற திரவம் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் பெரிய குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன.

சிலருக்கு அந்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்துக்கொள்ளும். அது வெடித்தால் ரத்தம் மூளையைச் சுற்றிப் பரவிவிடும். இடி இறங்கியது போலத் திடீர்த் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, சிலருக்கு மயக்கம். அப்போது தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். (வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாலும் இதே இடத்தில் ரத்தம் கசியலாம். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து ஓட்டும் அண்ணன்மார்களிடம் இதைச் சொல்லுங்கள்!)

குழாய் புடைப்பதற்கும் வெடிப்பதற்கும் முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று புகைப்பழக்கம், மற்றொன்று உயர் ரத்த அழுத்தம்.

தாத்தாவின் சீட்டில் 120/80 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 120 என்றால், ரத்தம் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தள்ளும் என்று பொருள். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. பெருக்கிப் பாருங்கள். தண்ணீராக இருந்தால் 1.6 மீட்டருக்கு மேல் ஏறும்! அழுத்தம் 180 ஆனால்? கிட்டத்தட்ட 2.4 மீட்டர். மெலிந்த குழாய் எப்படித் தாங்கும்?

ரத்தம் கசிந்த பிறகுதான் மருத்துவர்களுக்குப் பெரிய சங்கடம். அழுத்தம் ஏறினால் வெடித்த இடம் மறுபடியும் வெடிக்கலாம். அதற்காக ஒரேயடியாகக் குறைக்கலாமா? அதுவும் ஆபத்து. கசிந்த ரத்தம் பட்டு, சில நாட்கள் கழித்து அருகிலுள்ள குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அழுத்தமும் குறைந்தால் மூளைக்கு ரத்தம் போய்ச் சேராது. கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதைப் போலத்தான்! எல்லா நோயாளிக்கும் பொருந்தும் ஒரே எண் இன்றும் கிடையாது. 2023-ல் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டியும் எண்ணைக் குறிக்காமல், மிகவும் ஏறவும் கூடாது, மிகவும் இறங்கவும் கூடாது, மேலும் கீழும் ஊசலாடவும் கூடாது என்றுதான் சொல்கிறது. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் இரவெல்லாம் கண் விழித்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போகாமல் தடுக்க வழி உண்டா? அதற்கான ஒரு பெரிய முயற்சி நம் மாவட்டத்திலேயே தொடங்கியது தெரியுமா? 2021 ஆகஸ்ட் 5 அன்று ஓசூர் அருகே சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வீட்டு வாசலிலேயே பரிசோதனையும் மாத்திரையும்! 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

வாசலுக்கு ஏன் வர வேண்டும்? சிப்காட்டில் ஷிப்ட் வேலை, தோட்டத்தில் ரோஜா பறிக்கும் வேலை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காக வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? போதாததற்கு உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறோம் என்பது நினைவுக்கு வராது.

அடுத்த முறை வீட்டில் பாட்டிக்கு அழுத்தம் பார்க்கும்போது கவனியுங்கள். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி கூடாது. அளக்கும்போது பேச்சும் கூடாது. நீங்கள் போய் கிரிக்கெட் ஸ்கோர் சொன்னால்கூட எண் ஏறிவிடும்!