கோவளம் பேக்பேக்கர் ஹாஸ்டல்: பெட் புக் பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பையோடு கிளம்பி, ஒரு மணி நேரத்தில் கடற்கரையில் இறங்கி, முன்பின் தெரியாத ஏழு பேரோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு புது நண்பர்களோட நம்பரோடு வீடு திரும்புவது சென்னை இளைஞர்களுக்கு இப்போது பழக்கமாகி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் கோவளமும், அதைத் தாண்டி இருக்கும் மாமல்லபுரமும் இதற்குப் பேர் போன இடங்கள்.

ஆனால் கோவளம் ஒரு ரிசார்ட் கிடையாது. அது மீனவர்கள் குடியிருந்து தொழில் பார்க்கும் ஊர். ஹாஸ்டலில் எப்படித் தங்குவது, ஊரோடு எப்படி நடந்துகொள்வது, கடலில் எதைக் கவனிப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பேக்பேக்கர் ஹாஸ்டல்னா என்ன?

காலேஜ் ஹாஸ்டலோ, மாத வாடகை பி.ஜி.யோ இல்லை. லாட்ஜில் அறைக்கு வாடகை என்றால், இங்கே கட்டிலுக்கு வாடகை. 4, 6, 8 பேர் தங்கும் 'டார்ம்' அறையில் மேலும் கீழுமாக பங்க் கட்டில் போட்டிருப்பார்கள். பாத்ரூம், கிச்சன், ஹால் எல்லாம் பொது.

இந்த யோசனை நூறு வருஷத்துக்கும் பழசு. ஜெர்மனியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான், மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப் போகும்போது தங்க இடம் கிடைக்காமல் திண்டாடினார். 1909-ல் அவருக்குத் தோன்றிய யோசனைதான் யூத் ஹாஸ்டல். 1912-ல் ஆல்ட்டெனா ஊரில் இருக்கும் பழைய கோட்டையில் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டல் அமைந்தது.

நம்ம ஊரில் டார்ம் கட்டில் வாடகை சில நூறு ரூபாயில் ஆரம்பிக்கும். சனி, ஞாயிறு, லாங் வீக்எண்ட் வந்தால் அதே கட்டிலின் ரேட் எகிறிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை போனால் காசும் மிச்சம், கூட்டமும் கம்மி.

ஒரே ராத்திரியில் எப்படி ஃப்ரெண்ட் ஆகுறாங்க?

இதில் மாயம் எதுவும் இல்லை. இடத்தின் அமைப்பே அப்படி. டார்மில் கட்டிலைத் தவிர உட்கார இடம் இருக்காது. அதனால் ஹாலுக்கோ மொட்டை மாடிக்கோ வந்துதான் ஆகணும். அங்கே கேரம் போர்டு, கிட்டார், டீ என்று ஏதோ ஒன்று பேச்சை ஆரம்பித்து வைக்கும். "எந்த ஊர்? எத்தனை நாள்?" என்ற ரெண்டு கேள்வி போதும்.

அடுத்தது கிச்சன். காலையில் கரைக்குப் போய் நெத்திலியோ சங்கராவோ வாங்கி, மீன் விற்கும் அக்காக்களிடமே காசு கொடுத்துச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால், வெங்காயம் நறுக்க நாலு பேர் தானாக வந்து நிற்பார்கள். சில ஹாஸ்டல் கிச்சன்களில் அசைவம் சமைக்க அனுமதி இல்லை. முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான டார்ம் கட்டில்களுக்குத் திரை உண்டு. திரை மூடியிருந்தால் 'தொந்தரவு பண்ணாதீங்க' என்று அர்த்தம். அதை யாரும் தப்பா எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏன் கோவளம்?

முக்கியக் காரணம் சர்ஃபிங். இந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012-ல் தொடங்கிய சர்ஃப் பள்ளிதான் கோவளத்தைச் சர்ஃபிங் வரைபடத்தில் கொண்டுவந்தது. 2013-ல் இங்கே சர்ஃபிங், இசை, யோகா மூன்றும் சேர்ந்த திருவிழா தொடங்கியது. இன்று சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

2021-ல் கோவளம் கடற்கரைக்கு 'நீலக் கொடி' சான்றிதழ் கிடைத்தது. நீரின் தரம், சுத்தம், பாதுகாப்பு என 33 அளவுகோல்களைப் பார்த்துக் கொடுக்கப்படும் சர்வதேசச் சான்று இது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பார்வை இன்னும் திரும்பியிருக்கிறது.

புக் பண்ணும் முன் என்னென்ன பார்க்கணும்?

• எந்தக் கோவளம்? கேரளாவில் திருவனந்தபுரம் பக்கம் ஒரு கோவளம், கன்னியாகுமரி பக்கத்தில் இன்னொரு கோவளம் இருக்கிறது. புக்கிங் ஆப்பில் 'செங்கல்பட்டு மாவட்டம்' அல்லது 'ஈ.சி.ஆர்' என்று இருக்கிறதா என்று மேப்பில் சரிபாருங்கள்.

• லோக்கல் ஐ.டி. பிரச்சினை: சில பேக்பேக்கர் ஹாஸ்டல்கள் உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு இடம் தருவதில்லை. சென்னை ஆதாரோடு போய் வாசலில் திரும்பி வர நேரிடலாம். புக்கிங் விதிகளைப் படிங்க, இல்லை போன் போட்டுக் கேளுங்க.

• அடையாள அட்டை: அசல் காட்டணும். நகல் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாமா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஹாஸ்டல் நிர்வாகம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கணும்.

• லாக்கர்: இருக்கும், ஆனால் பூட்டு இருக்காது. சின்னப் பூட்டு ஒன்று கையோடு கொண்டு போங்க. துண்டு, இயர் பிளக், ஒரு செட் காய்ந்த துணி, செருப்பு அவசியம்.

• ரிவ்யூ: ஸ்டாரை மட்டும் பார்க்காதீங்க. கடைசி ரெண்டு மூணு மாத ரிவ்யூவில் 'பாத்ரூம்', 'மூட்டைப்பூச்சி', 'சத்தம்' என்று தேடிப் பாருங்க.

பெண்கள் தனியாத் தங்கலாமா?

தங்கலாம். 'பெண்கள் மட்டும்' டார்ம் இருக்கிறதா, அதன் பாத்ரூம் தனியா உள்ளேயே இருக்கிறதா, ராத்திரி முழுக்க பொறுப்பாளர் யாராவது இருப்பாரா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு புக் பண்ணுங்க. தனியாப் பயணம் செய்த பெண்கள் எழுதிய ரிவ்யூக்களைத் தேடிப் படிப்பது நல்ல வழி.

ஹாஸ்டலில் பழகியவர் ராத்திரி கடற்கரைக்குக் கூப்பிட்டால், 'வேண்டாம்' என்று சொல்வது மரியாதைக் குறைவு கிடையாது. எந்த ஹாஸ்டல், யாரோடு இருக்கிறோம் என்று வீட்டிலோ நண்பரிடமோ லைவ் லொகேஷனோடு சொல்லி வைப்பது நல்லது. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

ஹாஸ்டல் தூங்கும் நேரம், ஊர் எழும் நேரம்

பல பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஹாஸ்டல் மாடியில் பாட்டும் பேச்சும் சூடுபிடிப்பது ராத்திரி 11 மணிக்கு. அதே நேரத்தில் பக்கத்துத் தெருவில் கடலுக்குப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விடியறதுக்கு முன்பே எழுந்து, ஃபைபர் போட்டைத் தள்ளி இறக்கணும். தூக்கம் கெட்ட உடம்போடு அலையைத் தாண்டுவது ஆபத்தான வேலை. நடுராத்திரி ஸ்பீக்கர் சத்தம் அவர்களுக்கு வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மொட்டை மாடியும் திறந்தவெளிதான்.

கடற்கரை விஷயமும் இப்படித்தான். சுற்றுலாப் பயணிக்கு அது மணல், மீனவர்களுக்கு அது வேலை செய்யும் இடம். போட் நிறுத்துவது, வலை உலர்த்துவது, அறுந்த கண்ணியைப் பின்னுவது, மீன் ஏலம் விடுவது எல்லாம் அங்கேதான். அதனால் சில விஷயங்களை மனசில் வைக்கணும்.

• விரித்திருக்கும் வலையை மிதிக்காதீங்க, தாண்டியும் போகாதீங்க. சுற்றிப் போங்க. வலையின் விலை ஆயிரக்கணக்கில்.

• போட் மேல ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் "அண்ணே, எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. மீன் ஏலத்தையும் வீடுகளையும் படம் எடுக்கும்போதும் அப்படித்தான்.

• பாட்டிலை மணலில் விட்டு வராதீங்க. இங்கே பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடுதான் வேலை பார்க்கிறார்கள். கண்ணாடி குத்தி ஒருத்தர் கால் கிழிந்தால், ஆறும் வரை கடல் தொழில் கிடையாது, அன்றாட வருமானமும் கிடையாது. பொது இடத்தில் மது குடிப்பதே சட்டப்படி தப்பு.

• நீச்சல் உடையில் குப்பத்துத் தெரு வழியா நடக்காதீங்க. மேலே ஒரு சட்டையோ துண்டோ போதும். தர்கா, மாதா கோயில், அம்மன் கோயில் மூணும் இருக்கும் ஊர் இது. ஹஸ்ரத் தமீம் அன்சாரி தர்காவுக்கு வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

• ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையோரம் முட்டையிட வரும் காலம். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். கரையில் தீ மூட்டுவதும் பிரகாசமான விளக்கு போடுவதும் அவற்றைக் கடலுக்குப் பதிலா ரோட்டுப் பக்கம் திருப்பிவிடும்.

கடலில் இறங்கலாமா?

அனுமதிக்கப்பட்ட பகுதியில், உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், குடிக்காமல் இருந்தால் மட்டும். கோவளம் அலை பார்க்கச் சாதுவா இருக்கும் நாளிலும் 'ரிப் கரன்ட்' எனும் இழுவை நீரோட்டம் இருக்கலாம்.

இது எப்படி உருவாகிறது? அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர், ஒரு குறுகிய பாதை வழியா வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது. அதனால் பக்கத்து இடங்களை விட அதுதான் அமைதியாத் தெரியும். புதுசா வருபவர்கள் 'இங்கே அலை இல்லை' என்று அங்கேயே இறங்குவதுதான் ஆபத்து.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேரா நீந்தக் கூடாது. வேகம் ஜெயித்துவிடும், உடம்பு களைத்துவிடும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிடணும். நீச்சல் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி, இழுவை விட்ட பிறகு கரைக்குத் திரும்பணும். காப்பாற்றுகிறேன் என்று நண்பர்கள் கையைக் கோத்து இறங்குவது ஒரு உயிரோடு போவதை நாலு உயிராக்கிவிடும்.

முட்டுக்காடு முகத்துவாரம் பக்கமும், அலைத் தடுப்புக் கற்கள் பக்கமும் இறங்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று அடிக்கும் அந்தக் காலத்தில் கடல் கொந்தளிப்பா இருக்கும். "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கரையில் இருக்கும் மீனவர் யாரிடமாவது கேளுங்க. அவர் 'வேண்டாம் தம்பி' என்றால், ஆப் என்ன சொன்னாலும் இறங்காதீங்க.

இதனால் ஊருக்கு என்ன கிடைக்குது?

நல்லதும் உண்டு, கவலையும் உண்டு. சர்ஃபிங் பயிற்சி, சமையல், ஆட்டோ, மீன் விற்பனை என்று வருமானம் வருகிறது. பிடிபாடு குறையும் நாட்களில் இது கை கொடுக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஃபைபர் போட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் எல்லா நாளும் வலை நிறையாது.

கவலை, இடத்தைப் பற்றியது. சுற்றுலா வளர வளரக் கடலோர நிலத்தின் விலை ஏறுகிறது. போட் நிறுத்தவும் வலை காயப்போடவும் இருந்த வெற்றிடங்கள் சுருங்கிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. உள்ளூர் முகவரிக்கு இடம் தராத ஹாஸ்டலில், அதே ஊர்ப் பையன் வேலைக்குப் போகலாம், விருந்தினராத் தங்க முடியாது. அந்த வருத்தமும் நியாயமானதுதான்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்கள் தங்கள் வீட்டின் அமைப்பை மாற்றாமலே விருந்தினர்களைத் தங்கவைக்கும் 'ஹோம்ஸ்டே'வுக்கு வழி விட்டது. ஆகவே தங்கப் போகிறவர் ரெண்டு கேள்வி கேட்கலாம்: இந்த ஹாஸ்டலை நடத்துவது யார்? ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இங்கே வேலை செய்கிறார்கள்? மீனைக் கரையில் வாங்குவதும், சர்ஃபிங்கை உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் கத்துக்கொள்வதும், சாப்பாட்டை ஊர்க் கடையில் சாப்பிடுவதும் பணம் நேரா ஊருக்குப் போக உதவும்.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

• எல்லா அவசரத்துக்கும்: 112
• கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
• இந்தியக் கடலோரக் காவல்படை: 1554
• பெண்கள் உதவி எண்: 181
• சுற்றுலாப் பயணிகள் உதவி எண்: 1363