செய்திக்கு ஏற்ற படமா? சேர்க்கும் முன் சோதியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் ஆசையாகச் செய்யும் வேலை, ஊர்ச் செய்தியை டைப் செய்து, ஒரு படமும் சேர்த்து உறவினர்களுக்கு அனுப்புவது. காரைக்கால் தலத்தெருவில் மழைநீர் தேங்கியுள்ளது என்று நீங்கள் எழுதுவதாக வைத்துக் கொள்வோம். கூகுளில் "வெள்ளம்" என்று தேடினால் படங்கள் குவியும். அவற்றில் பயங்கரமான ஒன்றைச் சேர்த்துவிட்டால், கணுக்கால் அளவுத் தண்ணீர் வீட்டை மூழ்கடித்த வெள்ளமாகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகன் பதறிப்போவார். படிப்பவர் கண்ணில் முதலில் படுவது படம்தானே!

இப்படி நடந்தும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் காரைக்கால் கடற்கரையையும் சுனாமி தாக்கியது. அதன்பின், சீறி வரும் அலையைக் கண்டு மக்கள் ஓடும் படங்கள் "சுனாமி" என்ற பெயரில் இமெயிலில் உலகைச் சுற்றின. உண்மையில் அவை 2002-ல் சீனாவின் சியான்டாங் ஆற்றுக்குள் ஏறி வந்த ஓத அலையின் படங்கள்.

மாறாக, ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்கோ தத்தா டிசம்பர் 28-ல் கடலூரில் எடுத்த படத்தில் அலையே இல்லை. உறவினரை இழந்து மண்ணில் விழுந்து அழும் ஒரு பெண்தான் இருக்கிறார். வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் 2004-ன் சிறந்த படமாக அது தேர்வானது. பிரமாண்டத்தை விட, எந்த இடம், எந்த நாள் என்பதில் உண்மையாக இருப்பதே முக்கியம்.

அதைச் சோதிக்கும் வழிகள்:

1. விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் தேர்ந்தெடுக்கவும். டீடெய்ல்ஸ் டேபில் "டேட் டேக்கன்" என்பதே படம் எடுத்த நாள். "டேட் கிரியேட்டட்" என்பதை நம்ப வேண்டாம். பைல் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த நாளாகவும் அது இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் பொதுவாக இந்தத் தகவல் நீக்கப்பட்டிருக்கும்.

2. டின்ஐ தளத்தில் படத்தை அப்லோட் செய்து, முடிவுகளைப் பழையது முதலில் வருமாறு வரிசைப்படுத்தவும். சம்பவத்துக்கு முன்பே அந்தப் படம் இணையத்தில் இருந்தால், உடனே ஒதுக்கிவிடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் படம் புதியது என்று அர்த்தமில்லை.

3. படத்தைப் பெரிதாக்கிக் கடைப் பலகை, வண்டி எண் ஆகியவற்றைப் பாருங்கள். காரைக்கால் வண்டிகளின் எண் "பிஒய் 02" என்று தொடங்கும். வேறு ஊர் வண்டிகளும் வரும் என்பதால், இதை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

4. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று படத்தின் கீழ் எழுதுங்கள். எடுத்தவரிடம் அனுமதி பெறுவதும் அவசியம். பழைய படம் என்றால் "கோப்புப் படம்" என்று ஆண்டுடன் குறிப்பிடுங்கள்.

இவற்றில் சந்தேகம் வந்தால் படமே வேண்டாம். செய்தி மட்டும் போதும். அல்லது மொபைலுடன் வாசலுக்குச் சென்று, தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதை அப்படியே எடுத்து அனுப்புங்கள். அது மங்கலாக இருந்தாலும், மகன் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.