இரண்டு ஸ்ரீ, ஒரே ஊர்: தேடல் சர்வரின் உள்ளே

ஸ்ரீவில்லிபுத்தூர். ‘ஸ்ரீ’யை ஒன்றாக எண்ணினால் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு அது 18 யூனிகோடு குறிகள். வட்டில் சேமித்தால் 54 பைட்டு. ஒரு தேடல் பெட்டியில் தட்டி அனுப்பினால், இணைய முகவரியில் 162 குறிகளாக நீண்டு சர்வருக்குப் போகிறது. இவ்வளவு பயணமும் சரியாக நடந்த பிறகும், ‘முடிவு எதுவும் இல்லை’ என்று பதில் வரலாம். அந்த ஊரைப் பற்றிய நூறு கட்டுரைகள் அதே சர்வரில் இருந்தாலும் வரலாம்.

காரணம் முதல் எழுத்திலேயே இருக்கிறது. யூனிகோடில் ‘ஸ்ரீ’யை இரண்டு வழிகளில் எழுதலாம். ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று. ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்குவது இன்னொன்று. இந்த எழுத்து 2005இல் யூனிகோடின் 4.1 பதிப்பில் சேர்ந்தது. திரையில் பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான், உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. எந்த விசைப்பலகை எதைத் தருகிறது என்பது தட்டுபவருக்கும் தெரியாது. கட்டுரையை ஏற்றியவர் ஒரு ஸ்ரீ, தேடுபவர் இன்னொரு ஸ்ரீ என்று ஆகிவிட்டால், சர்வரின் கணக்கில் அவை இரண்டு வேறு ஊர்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் இடம் தேடல் சர்வர். கூகுள் போல உலகம் முழுவதையும் துழாவும் இயந்திரம் அல்ல இது. ஒரு நூலகம், ஒரு பல்கலைக்கழகம், ஒரு பத்திரிகை தன்னிடம் உள்ள ஆவணங்களுக்குள் மட்டும் தேடிக்கொடுக்க வைத்திருக்கும் மென்பொருள். பரவலாகப் பயன்படும் ஒன்றின் பெயர் சோலர். 2004இல் சிநெட் நிறுவனத்துக்குள் யோனிக் சீலி இதை எழுதத் தொடங்கினார்; 2006இல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டுத் திறமூலமானது. அதன் அடியில் ஓடுவது லூசீன் என்ற நூலகநிரல், 1999இல் டக் கட்டிங் உருவாக்கியது. நம் நாட்டு ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ‘ஷோத்கங்கா’ களஞ்சியம் டீஸ்பேஸ் மென்பொருளில் கட்டப்பட்டது. டீஸ்பேஸுக்குள் தேடித் தருவது சோலர்தான். ஆகவே ஆராய்ச்சி மாணவர் பலர் பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

சோலர் செய்யும் அடிப்படைக் காரியம் தமிழறிஞர்களுக்குப் புதிதல்ல. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு தயாரித்தார்களே, அதுதான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்துவிடுகிறது. கேள்வி வந்ததும் ஆவணங்களைப் புரட்டுவதில்லை, அட்டவணையைத்தான் புரட்டுகிறது. வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான். ஆனால் எதை, எப்படி, எத்தனை எடுத்து, எந்த வடிவில் கொடுப்பது என்பது தானாக அமைவதில்லை. அதை ஒரு மனிதர் உட்கார்ந்து அமைக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது, 1875இல் தொடங்கியது. அப்படிப்பட்ட பழைய நூலகம் ஒன்றின் மேசைக்கு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “அண்ணாச்சி, ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி நெய்றதப் பத்தி ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்கிறார். அனுபவமுள்ள நூலகர் அந்த ஒரு வரியிலிருந்து எத்தனை முடிவுகளை எடுக்கிறார் பாருங்கள். ‘பத்தி’, ‘ஏதாச்சும்’ என்பவற்றைத் தள்ளிவிடுகிறார். தலைப்பில் இந்தச் சொல் உள்ள நூலை முதலில் நினைக்கிறார், உள்ளே எங்கோ ஒரு வரி வரும் நூலை அப்புறம். பேண்டேஜ் துணி என்றால் பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியையும் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஐம்பது புத்தகத்தை மேசையில் கொட்டாமல், பொருத்தமான நாலைந்தை எடுத்து, உரிய பக்கத்தைத் திறந்தே கொடுக்கிறார். சர்வரில் இந்த முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராமீட்டர் இருக்கிறது.

தேடும் சொற்கள் ‘கியூ’ என்ற பாராமீட்டரில் போகின்றன. எந்தப் புலத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ‘கியூஎஃப்’ சொல்கிறது: தலைப்பில் கிடைத்தால் ஐந்து மடங்கு, பொருளடக்கத்தில் இரண்டு மடங்கு, உடலில் ஒரு மடங்கு என்று கொடுக்கலாம். ‘எம்எம்’ என்பது குறைந்தது எத்தனை சொற்கள் பொருந்த வேண்டும் என்ற வரம்பு. ‘ராஜபாளையம் பேண்டேஜ் துணி நெசவு’ என்று நான்கு சொல் வருகிறது. நான்கும் இருந்தால்தான் தருவேன் என்று இறுக்கினால் நல்ல கட்டுரை ஒன்று ‘நெசவு’ என்பதற்குப் பதில் ‘தறி’ என்று எழுதிய குற்றத்துக்காக விடுபட்டுப்போகும். ஒன்று இருந்தாலே போதும் என்று தளர்த்தினால் ‘துணி’ வரும் கட்டுரை எல்லாம் குவியும். மூன்று சொல் வரை முழுப் பொருத்தம், அதற்கு மேல் முக்கால் பங்கு என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். என் கணிப்பில் தமிழுக்கு இது நல்ல தொடக்கம்.

‘எஃப்கியூ’ என்ற வடிகட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தை ஒரு தேடல் சர்வரில் ஏற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு பாசுரத்துக்கு ஓர் ஆவணம் வீதம். ‘பாடியவர் ஆண்டாள்’ என்ற வடிகட்டி போட்டால் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்கள் நிற்கும். பெரியாழ்வாரையும் சேர்த்தால் அவருடைய 473 கூடி 646 ஆகும். வில்லிபுத்தூர் தந்த இரண்டு ஆழ்வார்களின் பங்கு அது. இந்த வடிகட்டி, பொருத்தத்தின் மதிப்பெண்ணைத் தொடாது. உள்ளே, வெளியே என்று பிரிப்பதோடு சரி. ஒருமுறை பிரித்த பட்டியலைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்தவர் அதே வடிகட்டியைக் கேட்கும்போது வேலை மிச்சம். ஆண்டு, மொழி, ஆசிரியர் போன்றவற்றைக் ‘கியூ’வில் திணிக்காமல் இங்கே வைப்பதே முறை.

எத்தனை முடிவு காட்டுவது என்பது ‘ரோஸ்’. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து. அப்படியே விட்டால் திருப்பாவையின் முப்பது பாட்டும் மூன்று பக்கமாகச் சிதறும். முப்பதையும் ஒரே பக்கத்தில், அதுவும் பாசுர வரிசையில் காட்டுவதுதான் படிப்பவருக்கு உதவி. இங்கே ஒரு பொறி உண்டு. பாசுர எண்ணை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்தாகச் சேமித்துவிட்டால், வரிசை 1, 10, 11 என்று போய் 2ஆம் பாசுரம் 19க்குப் பிறகு வரும்.

எழுத்து வரிசையிலும் இப்படித்தான். சதுரகிரி, சத்திரப்பட்டி இரண்டில் எது முதலில்? நம் அகராதி முறையில் மெய் முந்தும், ஆகவே ‘சத்’ முதலில், ‘சது’ பிறகு. வெறும் யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்கினால் உகரக் குறி புள்ளிக்கு முன்னால் இருப்பதால் சதுரகிரி முந்திவிடும். ‘வ’வுக்கு முன்பே ‘ள’வும் ‘ழ’வும் வந்து நிற்கும். தமிழ் அகரவரிசை தெரிந்த புல வகை சோலரில் இருக்கிறது, அமைப்பவர் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காமல் விட்ட பட்டியல்களை நாம் இணையத்தில் நிறையப் பார்க்கிறோம்.

இனி ஸ்ரீக்குத் திரும்புவோம். ‘செண்பகத்தோப்பு’ என்ற இடப்பெயரில் உள்ள ‘தோ’வையும் ஒரே ஓகாரக் குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ எழுதலாம். அதை யூனிகோடின் பொதுச் சீராக்கமே ஒன்றாக்கிவிடும். ஆனால் இரண்டு ஸ்ரீக்களையும் அந்தச் சீராக்கம் ஒன்றாக்காது. ‘இதைக் கண்டால் அதாக மாற்று’ என்று ஒரு மாற்று வரியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். அட்டவணை போடும்போதும் கேள்வி வரும்போதும் ஒரே மாற்றம் நடக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய கதைதான். வரியைச் சேர்த்த பிறகு ஆவணங்கள் முழுவதையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும்.

அடுத்தது பெயர் வடிவங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர். ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம். இவற்றை ஒருபொருட் சொல் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் இந்தப் பட்டியலில்தான் உள்ளூர் அறிவு இல்லாதவர் தடுக்கி விழுகிறார். ஆண்டாளுக்குக் கோதை என்றும் நாச்சியார் என்றும் பெயர் என்பதால் மூன்றையும் சமமென்று எழுதினால், ஆண்டாளைத் தேடியவருக்குச் சிவகங்கையின் வேலு நாச்சியாரும் வந்து சேர்வார். கோதையைத் தேடினால் ஆண்டாளையும் கொடு என்று ஒருவழிப் பாதையாக எழுதிவிட்டு, நாச்சியாரைத் தனியே விடுவது நல்லது.

வேற்றுமை உருபுகள் இன்னொரு பாடு. ராஜபாளையத்தில், ராஜபாளையத்துக்கு, ராஜபாளையத்திலிருந்து என்று எப்படி வந்தாலும் அடிச்சொல் ஒன்றுதான். லூசீனில் இப்போது தமிழுக்கென்று விகுதி நீக்கும் பகுதி இருக்கிறது. விதிகளின்படி வாலை வெட்டுவது அது. சில சமயம் வேரையும் சேர்த்து வெட்டிவிடும். அதனால் வெட்டாத சொல்லை ஒரு புலத்திலும் வெட்டிய சொல்லை இன்னொரு புலத்திலும் வைத்து, வெட்டாததற்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துவிட்டால் இரண்டு நன்மையும் கிடைக்கும்.

ராஜபாளையம் என்று மட்டும் ஒருவர் தட்டினால் அவர் எதைக் கேட்கிறார்? ஊரையா, 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நாய் இனத்தையா, நூற்பாலைகளையா? சர்வர் ஊகிக்க வேண்டியதில்லை. ‘ஃபாசெட்’ என்ற வசதியைத் திறந்துவிட்டால், ஊர் வரலாற்றில் இத்தனை, நாய் வளர்ப்பில் இத்தனை, தொழிலில் இத்தனை என்று எண்ணிக்கையோடு பக்கவாட்டில் காட்டும். கேட்டவரே தேர்ந்துகொள்வார். “எந்த ராஜபாளையத்தைக் கேக்கீங்க?” என்று நூலகர் திருப்பிக் கேட்பதற்கு இது சமம்.

முடிவை எந்த வடிவில் கொடுப்பது என்பது ‘டபிள்யூடி’. 2017இல் வந்த சோலரின் 7ஆம் பதிப்பிலிருந்து, கேட்காவிட்டால் ஜேசன் வடிவம். அதற்கு முன் எக்ஸ்எம்எல். அட்டவணையாக வேண்டுமென்றால் சிஎஸ்வி. இந்தக் கடைசிக் கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்து, தமிழ் முழுக்க விசித்திரக் குறிகளாகத் தெரிவதைக் கண்டு தரவே கெட்டுவிட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. தரவு கெடவில்லை. கோப்பு யூடிஎஃப்-8 என்பதை எக்செல் ஊகிக்கவில்லை. இறக்குமதி செய்யும்போது அதைத் தேர்ந்தால் எழுத்து சரியாகிவிடும். எந்தெந்தப் புலங்களை அனுப்புவது என்பதற்கு ‘எஃப்எல்’. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மட்டும் போதுமென்றால் முழுக் கட்டுரையையும் ஏன் கைபேசிக்கு அனுப்ப வேண்டும்?

தேடிய சொல்லைச் சுற்றியுள்ள வரியை எடுத்துக் காட்டும் துணுக்குக்கு இயல்பு நீளம் சுமார் 100 குறி. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் புள்ளியும் காலும் கொம்பும் தனிக் குறிகள் என்பதால் ஏழெட்டுச் சொல்லிலேயே முடிந்துவிடும், வாக்கியம் புரியாது. 250 என்று கூட்டிவிடுங்கள். சொல்லைச் சாய்வெழுத்தில் காட்டும் வழக்கத்தையும் மாற்றி, பின்னணியில் மெல்லிய மஞ்சள் நிறம் கொடுங்கள். தமிழைச் சாய்த்தால் கண்ணுக்கு நோவுதான்.

இத்தனையையும் ஒவ்வொரு கேள்வியோடும் அனுப்ப வேண்டியதில்லை. சர்வரின் அமைப்புக் கோப்பில் மூன்று பெட்டிகளில் எழுதிவைக்கலாம். கேட்பவர் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டியவை ஒன்றில். கேட்பவர் என்ன சொன்னாலும் கூடவே சேர்க்க வேண்டியவை இன்னொன்றில். ‘வெளியிட அனுமதிக்கப்பட்டவை மட்டும்’ என்ற வடிகட்டி இங்கேதான் இருக்க வேண்டும். யார் சொன்னாலும் மாறக் கூடாதவை மூன்றாவதில். உறுப்பினரின் தொலைபேசி எண் சர்வரில் இருக்கிறது என்றால், வெளியே போகும் புலங்களின் பட்டியலை மூன்றாவது பெட்டியில் பூட்டிவையுங்கள். அதோடு சோலரின் வாசலை, அதாவது 8983 என்ற போர்ட்டை, இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். முன்னால் ஒரு காவல் நிரல் நிற்கட்டும்.

இந்த அமைப்புக் கோப்பை இன்று பல இடங்களில் தமிழ் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள், அல்லது ஆங்கிலத்துக்கான இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது கணினிக்காரர் தனியே செய்யும் வேலை அல்ல. பக்கத்தில் நூலகர் ஒருவர் உட்கார வேண்டும், ஊர் தெரிந்த ஆசிரியர் ஒருவர் உட்கார வேண்டும்.

உங்கள் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கோயிலுக்கோ தேடல் வசதியுள்ள தளம் இருந்தால், இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘ஸ’வில் தொடங்கும் ‘ஸ்ரீ’, ‘ஶ’வில் தொடங்கும் ‘ஶ்ரீ’ என்று இரண்டிலும் ஒவ்வொரு முறை ஸ்ரீவில்லிபுத்தூரைத் தேடுங்கள். முடிவின் எண்ணிக்கை மாறினால், அந்த இரண்டு எண்ணையும் குறித்துத் தளத்தை நடத்துபவருக்கு அனுப்புங்கள். மாற்று வரியை எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும்.