நேதாஜி இறங்கிய பிறகு

திருத்தணி மலையடிவாரத்து டீக்கடையில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த ஒரு சாயங்காலம், தெலுங்கு கலந்து பேசும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "நேதாஜி வெள்ளைக்காரன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு இங்கேர்ந்து சப்மெரின்லயே ஜெர்மனி போயிட்டாரு." விஷயம் அப்படியில்லை. 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து தப்பியவர் காபூல், மாஸ்கோ வழியாகத்தான் பெர்லின் போனார். நீர்மூழ்கி வருவது ஜெர்மனியை விட்டுக் கிளம்பும்போது. இந்தப் பிழை பெரிதில்லை. அந்த நீர்மூழ்கிக்கு முன்னும் பின்னும் ஒரு வரலாறு இருப்பதை நாம் எல்லோருமே மறந்திருக்கிறோம், அதுதான் பெரிது.

அதன் பெயர் யு-180. வேகத்துக்காக, டார்பிடோப் படகுகளுக்கான ஆறு டீசல் எஞ்சின்களைப் பொருத்தியிருந்தார்கள். அவை சீக்கிரம் சூடேறின, கரும்புகையும் கக்கின. மறைந்து திரிய வேண்டிய கப்பலுக்குப் புகையே காட்டிக்கொடுப்பான். 1943 பிப்ரவரி 9 அன்று போஸும் ஆபித் ஹசனும் கீல் துறைமுகத்தில் ஏறினார்கள். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

ஏப்ரல் 18ல் தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் 'கோர்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. போஸ் அப்போது உள்ளேதான் இருந்தார். செத்தவர்கள் கூலிக்குக் கப்பலோட்டியவர்கள். நம் வீரக்கதைகளில் இந்த நாள் வருவதேயில்லை. பத்து நாள் கழித்து, மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, கொந்தளிக்கும் கடலில் ரப்பர் தெப்பத்தில் இருவரும் ஜப்பானிய ஐ-29க்கு மாறினார்கள். பதிலுக்கு இரண்டு ஜப்பானிய அதிகாரிகளும் சுமார் 2 டன் தங்கமும் யு-180க்கு வந்தன. ஜெர்மன் கடற்படைக்குத் தலைவரும் தங்கமும் ஒரே பயணத்தின் சரக்குதான்.

நம் கதை இங்கே போஸோடு கிழக்கே போய்விடுகிறது. சிங்கப்பூர், இந்திய தேசிய ராணுவம், மலேயாத் தோட்டங்களிலிருந்து திரண்ட தமிழர்கள். கப்பல் மேற்கே திரும்பி பிரான்சின் போர்தோவுக்குப் போனது. புகை எஞ்சின்களைக் கழற்றி, டார்பிடோக் குழாய்களையும் எடுத்துவிட்டு, அதைச் சுமைக்கப்பலாக்கினார்கள்.

போர்தோவுக்குப் பக்கத்தில்தான், லக்கானோ என்ற கடற்கரையில், போஸ் விட்டுவந்த இந்தியப் படையினரும் இருந்தார்கள். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சண்டையிட்டுக் கைதானவர்கள். தலைவரை நம்பி ஜெர்மன் சீருடை போட்டவர்கள். அவர் கிளம்பியது ரகசியப் பயணம், அவர்களிடம் சொல்லிக்கொண்டா போக முடியும்? 1944 ஆகஸ்டில் நேசநாட்டுப் படைகள் நெருங்க, அந்தப் படைப்பிரிவு ஹிட்லரின் எஸ்.எஸ். நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டு, ஜெர்மனியை நோக்கிப் பின்வாங்கியது. அதே மாதம் யு-180 கிழக்காசியாவுக்குச் சரக்கேற்றிப் புறப்பட்டு, பிஸ்கே வளைகுடாவில் காணாமல்போனது. 56 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. ஐ-29ஐ அதற்கு முந்தைய மாதமே அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்திருந்தது.

போஸ் பாசிஸ்டா இல்லையா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். எதிரிக்கு எதிரியிடம் வண்டி கேட்பது ஒடுக்கப்பட்டவர்களுக்கு நேர்கிற நிர்ப்பந்தம். ஆனால் வண்டி ஏறியவருக்கு மட்டும் சரித்திரம் எழுதி, வழியில் செத்தவர்களையும் கரையில் விடப்பட்டவர்களையும் கணக்கில் எடுக்காமல் விடுவது நிர்ப்பந்தம் இல்லை. அது நாம் செய்யும் தேர்வு. இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைவர் ஊர் மாறிய பிறகு, வழக்கைச் சுமந்துகொண்டு கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் நம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.