மூப்படையாத மகாராணி, மொட்டை ராசா

வேம்பார்ல எங்க ஆச்சியோட மரப்பெட்டிக்குள்ள, துணியில முடிஞ்சு நாலஞ்சு வெள்ளி ரூபாய் இருக்கும். ஒண்ணைக் காட்டி "இது மகாராணி" என்பார். இன்னொண்ணைக் காட்டி "இது மொட்டை ராசா". ரெண்டு பேரும் அம்மாவும் மகனும்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மகாராணி விக்டோரியா, மொட்டை ராசா ஏழாம் எட்வர்ட்.

விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் 1861-ல் இறந்தார். அதுக்கப்புறம் சாகும்வரை அவர் கறுப்பு உடைதான். ஆனா 1862-ல் இங்கே வந்த ரூபாயைப் பாருங்க: தலையில் கிரீடம், பூவேலை செய்த ஆடை, இளமையான முகம். 1877-ல் அவர் இந்தியப் பேரரசி ஆனதும் எழுத்தில் 'குயீன்' போய் 'எம்ப்ரஸ்' வந்தது. முகம், சின்னச் சின்ன மாற்றம் தவிர, அதேதான். பிரிட்டன் நாணயத்தில் 1893-லேயே முக்காடு போட்ட கிழவியாகிவிட்டார். 1901-ல் 81 வயதில் அவர் இறக்கும்போதும் நம்ம ஊர்க் காசில் இளம்பெண்தான். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்த முகத்தைச் சரிபார்க்க இங்கே யாருக்கும் வழியில்லை.

மகன் கதை நேர்மாறு. அவர் நிஜமாவே நம்ம கரைக்கு வந்தவர். 1875 டிசம்பரில், 34 வயது இளவரசரா, கொழும்பிலிருந்து 'செராபிஸ்' கப்பலில் தூத்துக்குடி வந்து, புது ரயில் பாதையில் மணியாச்சி வழியா மதுரைக்குப் போனார். அன்னைக்குப் பார்த்தவங்களுக்கு அவர் ஒரு தாடிக்கார இளவரசர்.

பட்டத்துக்கு வரும்போது வயசு 59. 1903 முதல் வந்த வெள்ளி ரூபாயில் கிரீடம் இல்லை. வழுக்கை பளிச்சுன்னு தெரியும். பிரிட்டிஷ் நாணயங்களில் ராஜாவை வெறுந்தலையோட காட்டுறது பழைய வழக்கம், ரோமப் பேரரசர் சாயல். லண்டன்ல அது கம்பீரம். நாற்பது வருஷம் கிரீடத்தையே பார்த்துப் பழகின கண்ணுக்கு? கிரீடம் இல்லாத ராசா என்ன ராசா! 1907-ல் வந்த ஒரு அணாவில் அவருக்கும் கிரீடம் வெச்சாங்க. ஆனா ஆச்சி பெட்டியில அணா இல்லையே.

அடுத்து வந்த ஐந்தாம் ஜார்ஜுக்குக் கிரீடம் திரும்பியது. வேற வம்பு வந்தது: 1911 ரூபாயில் அவர் அங்கியில் இருந்த யானை, பன்றி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு. அடுத்த வருஷமே திருத்தினார்கள்.

தூத்துக்குடிக்கு வந்து போனவர் இந்த மொட்டை ராசாதான்னு ஆச்சிகிட்ட ஒருமுறை சொன்னேன். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இவரா?" என்று கேட்டார்.